பழைய சர்வரோடு புது லைப்ரரி பேச மறுத்தால் செய்யக் கூடாதவை

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையின் மென்பொருளைப் பராமரிக்கிறேன். நெல் கொண்டு வரும் விவசாயிகளின் கணக்குக்குப் பணம் அனுப்ப, அந்த ஆலை ஒரு பழைய பணப் பட்டுவாடா சேவையை நம்பியிருக்கிறது. சம்பா அறுவடை சூடு பிடிக்கும் தை மாதத்தில் சர்வரின் இயங்குதளத்தை உபுண்டு 20.04-இலிருந்து 22.04-க்கு மாற்றினேன். என் நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. மறுநாள் காலை ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. "தம்பி, ஆளுங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்க, சாயங்காலத்துக்குள்ள பணம் போயிடுமா?" என்று முதலாளி போனில் கேட்டார். அந்த அவசரத்தில் நான் செய்த தவறுகளை வேறு யாரும் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பைத்தான் லைப்ரரிகளின் (ஆயத்த நிரல் தொகுப்புகளின்) பதிப்பு எண்களை எல்லாம் மாறாமல் பூட்டி வைத்திருந்தேன். அதுவே போதும் என்று நினைத்தது முதல் தவறு. அவற்றுக்கு அடியில் இருந்து இணைப்பை மறையாக்கிப் பாதுகாக்கும் லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல், 20.04-இல் 1.1.1, 22.04-இல் 3.0. பூட்டியது மேலே, மாறியது கீழே.

அடுத்த தவறு, பிழைச் செய்தியை முழுதாகப் படிக்காமல், எதிர்ப்பக்க சர்வர் உண்மையானதுதானா என்று பார்க்கும் சான்றிதழ் சோதனையை நிறுத்தியது. வெரிஃபை என்பதை ஃபால்ஸ் ஆக்கினேன். இணைப்பு அப்போதும் வரவில்லை. வராது. ஏனென்றால் சிக்கல் சான்றிதழில் இல்லை, அதற்கு முந்தைய கைகுலுக்கலில், அதாவது எப்படிப் பேசுவது என்று இரு பக்கமும் ஒத்துக்கொள்ளும் கட்டத்தில் இருந்தது. ஒருவேளை வந்திருந்தால் இன்னும் மோசம்: நடுவில் யார் உட்கார்ந்து கணக்கு எண்ணை மாற்றினாலும் நமக்குத் தெரியாது. பணம் போகும் வழியில் இந்தச் சோதனையை எந்த அவசரத்திலும் நிறுத்தாதீர்கள்.

பிழைச் செய்தி உண்மையில் தெளிவாகவே சொன்னது: 'அன்சேஃப் லெகஸி ரீநெகோஷியேஷன் டிசேபிள்ட்'. டிஎல்எஸ் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பை நடுவில் மறுபடி பேசி முடிவு செய்யும் முறையில் 2009-இல் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. 2010-இலேயே அதற்குத் தீர்வு வந்துவிட்டது. அந்தத் தீர்வைப் போட்டுக்கொள்ளாத சர்வர்களோடு ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 இயல்பாகப் பேசாது. 'டிஹெச் கீ டூ ஸ்மால்' என்று வந்தால் கதை வேறு, அது எதிர்ப்பக்கச் சாவி சிறியது என்பதால். 'அன்சப்போர்டட் புரோட்டோகால்' என்றால் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் டிஎல்எஸ்ஸின் பழைய பதிப்பான 1.0 அல்லது 1.1-இலேயே நிற்கிறது. மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு.

நான் மூன்றையும் சேர்த்துத் திறந்தேன். சர்வர் முழுமைக்குமான ஓப்பன்எஸ்எஸ்எல் அமைப்புக் கோப்பில் பழைய இணைப்புக்கு அனுமதி கொடுத்து, பாதுகாப்பு நிலையையும் பூஜ்யம் ஆக்கினேன். பணம் போனது, எல்லோரும் நிம்மதியானார்கள். ஆனால் அந்த ஒரு சேவைக்காக, அந்தக் கோப்பை நம்பும் ஒவ்வொரு இணைப்பும் பலவீனமாகிவிட்டது. மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. இதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. ஒரு வயலுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் அதன் மடையைத் திறப்போம், வாய்க்கால் கரையையா வெட்டுவோம்?

சரியான வழி அவ்வளவு கடினமும் இல்லை. பைத்தானில் இணைய அழைப்புகளை அனுப்பும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் தனி அடாப்டரை (இணைக்கும் பகுதியை) மவுண்ட் செய்து, அதற்கென ஒரு எஸ்எஸ்எல் கான்டெக்ஸ்ட் (இணைப்பு விதிகளின் தொகுப்பு) கொடுத்து, பழைய சர்வர் அனுமதியை அதில் மட்டும் சேர்க்கலாம். பிறகு நானும் அப்படித்தான் மாற்றினேன். அந்த அனுமதிக்குப் பைத்தானில் பெயர் வந்தது 3.12-இல்தான். அதற்கு முந்தையது என்றால் 4 என்ற எண்ணையே ஆப்ஷன்ஸில் சேர்க்க வேண்டும். சான்றிதழ் சோதனை அப்படியே இருக்கட்டும்.

அதே மாற்றத்தில் தணிக்கையாளர் சர்வருக்குக் கோப்பு அனுப்பும் எஸ்எஃப்டிபியும் நின்றது. அதை இயக்கும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருளில், 2021 செப்டம்பரில் வந்த 8.8 முதல், பலவீனமான ஷா-1 கொண்டு கையெழுத்திடும் பழைய ஆர்எஸ்ஏ முறை இயல்பாக ஏற்கப்படுவதில்லை. இதிலும் அந்த ஒரு ஹோஸ்டின் பெயருக்குக் கீழே மட்டும் விலக்கு எழுதினால் போதும்.

எடைமேடைக் கணினியில் வேறொன்று. ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட் 17 முதல், அதே கணினியைக் குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர் முதலில் புதிய வகையான ஐபிவி6 முகவரியைக் காட்டலாம். எடைமேடையின் பழைய நிரலோ பழைய வகையான ஐபிவி4-இல் மட்டும் காது கொடுத்தது. அந்த ஐபிவி4 முகவரியை 127.0.0.1 என்று நேராக எழுதியதும் சரியாயிற்று.

இதற்கெல்லாம் பயந்து பழைய லைப்ரரியிலேயே தங்கிவிடுவதும் தவறுதான். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. அப்புறம், அறுவடை நேரத்தில் சர்வரில் கை வைக்கவே கூடாது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டிய வாரத்தில் ஆலையில் வேலை குறைவு. இப்போதெல்லாம் மேம்படுத்துவது அந்த வாரத்தில்தான், அதுவும் தனி இயந்திரத்தில் ஒவ்வொரு பழைய சேவையையும் தொட்டுப் பார்த்த பிறகு. ஒவ்வொரு விலக்கின் பக்கத்திலும் எதற்காக, எந்தத் தேதியில் என்று எழுதி வைத்திருக்கிறோம். போன முறை பார்த்தபோது பட்டுவாடா சேவை தன் சர்வரைப் புதுப்பித்திருந்தது. அன்றே அந்த அடாப்டரை நீக்கினேன்.