ஒரு கிரவுண்ட் சதுர மனைக்குப் பக்கம் எத்தனை அடி? வர்க்கமூலத்தைச் சுருக்கும் வழி

சென்னையில் மனை பார்க்கப் போனால் முதலில் காதில் விழுவது கிரவுண்ட் கணக்குதான். ஒரு கிரவுண்ட் என்றால் 2400 சதுர அடி. மனை சரியான சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் √2400 அடி. கால்குலேட்டரில் தட்டினால் 48.9897... என்று முடிவில்லாமல் ஓடும். அதையே துளியும் பிசகாமல், சின்னதாக எழுதலாம்.

படி 1: எண்ணைப் பகாக் காரணிகளாக உடையுங்கள். கடைசியில் இரண்டு பூஜ்யம் இருப்பதால் முதலில் 100ஐப் பிரித்துவிடுங்கள், வேலை பாதியாகும். 2400 = 24 × 100. இதில் 24 = 2×2×2×3, 100 = 2×2×5×5.

படி 2: ஒரே எண்களை ஜோடி சேருங்கள்.
√2400 = √[(2×2) × (2×2) × (5×5) × 2 × 3]

படி 3: ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் எண் வெளியே வரும். ஏன் ஒன்றே ஒன்று? 5×5 என்பது 25. அதன் வர்க்கமூலம் 5. அவ்வளவுதான். இந்தக் காரணம் மனதில் பதிந்துவிட்டால் விதியை மனப்பாடம் செய்யவே வேண்டாம். வெளியே 2×2×5 = 20. ஜோடி இல்லாத 2ம் 3ம் உள்ளேயே பெருகி 6 ஆகும்.

விடை: 20√6 அடி.

பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். வெளியே வந்த எண்களைக் கூட்டி 9√6 என்று எழுதிவிடுகிறார்கள். உள்ளே பெருக்கலாக இருந்தவை வெளியிலும் பெருக்கல்தான். இன்னும் சிலர் 4ஐ மட்டும் எடுத்து 2√600 என்று நிறுத்திவிடுவார்கள். தப்பில்லை, ஆனால் வேலை முடியவில்லை. உள்ளே இருக்கும் எண் 4, 9, 25, 49 போன்ற வர்க்க எண் எதனாலும் வகுபடக் கூடாது.

அப்புறம், கூட்டலைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். √(9+16) என்பது √25, அதாவது 5. 3+4 என்று 7 போட்டால் தவறு.

சரி, இதனால் என்ன லாபம்? பக்கத்திலேயே கால் கிரவுண்டில் இன்னொரு சதுர மனை இருக்கிறது என்று வையுங்கள். அதன் பக்கம் √600 = 10√6. இரண்டு மனைக்கும் தெருவோர நீளம் 20√6 + 10√6 = 30√6 அடி. √2400 + √600 என்றே வைத்திருந்தால் இப்படிக் கூட்டலாம் என்பதே கண்ணில் பட்டிருக்காது.

அரை கிரவுண்டுக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். √1200க்கு 20√3 வரவேண்டும். அதை 20√6 உடன் மட்டும் கூட்டிவிடாதீர்கள். உள்ளே ஒன்றில் 3, இன்னொன்றில் 6. இரண்டும் சேராது.