விண்கலப் பணியாளரின் கைத்துப்பாக்கி: குறும்படத்துக்கு ஒரு மாதிரி செய்யும் முறை

காரைக்குடிப் பக்கம் அறிவியல் புனைகதைக் குறும்படம் எடுக்க முனையும் இளைஞர்கள் பலர், பொம்மைத் துப்பாக்கிக்கு வெள்ளிச் சாயம் பூசினால் போதும் என்று எண்ணிவிடுகிறார்கள். கலத்துக்குள் வாழ்பவர் எத்தகைய ஆயுதத்தை இடுப்பில் வைத்திருக்க முடியும் என்று முதலில் தீர்மானித்துவிட்டால், அதன் வடிவம் தானே அமைந்துவிடும்.

படி 1: பயனைத் தீர்மானியுங்கள்

1965-இல் சோவியத் நாட்டின் வோஸ்கோத் 2 விண்கலம் இலக்குத் தவறி யூரல் மலைப் பகுதிக் காட்டில் இறங்கியது. அதில் சென்ற விண்வெளி வீரர்கள் லியோனவும் பெல்யாயெவும் அங்கே பனியில் காத்திருக்க நேர்ந்த அந்த அனுபவமே, பின்னாளில் சோயுஸ் என்னும் விண்கலத்தில் சென்ற வீரர்களுக்கு மூன்று குழல் கொண்ட டிபி-82 துப்பாக்கி வழங்கப்படக் காரணமாயிற்று. ஆனால் அது தரையிறங்கிய பின் காட்டில் உதவுவதற்கானது. உங்கள் கதைக்கு வேண்டியதோ கலத்துக்குள்ளேயே கையாளக்கூடியது.

படி 2: இயற்பியலுக்குக் கட்டுப்படுங்கள்

வெடிமருந்திலேயே ஆக்சிஜன் தரும் பொருள் கலந்திருப்பதால், வெற்றிடத்திலும் துப்பாக்கி சுடும். சிக்கல் பின்னுதைப்பில்தான் இருக்கிறது. 8 கிராம் குண்டு வினாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால், மிதந்துகொண்டிருக்கும் 70 கிலோ மனிதர் வினாடிக்கு 4 சென்டிமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்வார். கை நீட்டிச் சுட்டால் உடல் சுழலவும் தொடங்கும்.

ஒரு குண்டு துளைத்ததும் எல்லாரும் வெளியே உறிஞ்சப்படுவதாகக் காட்டாதீர்கள். 2018-இல் சோயுஸ் கலமொன்றில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் துளை காணப்பட்டபோது, காற்று மெல்லவே கசிந்தது. வீரர்கள் அதை எப்பாக்சி கொண்டு அடைத்தார்கள். மின்கம்பியிலோ குளிர்விப்புக் குழாயிலோ குண்டு படுவதே பெரிய ஆபத்து. ஆகவே, வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் 5 கிராம் முள்ளை எய்து, மின்னதிர்ச்சியால் ஆளை முடக்கும் கருவியையே நான் பரிந்துரைப்பேன். அதன் உதைப்பு வினாடிக்கு 3 மில்லிமீட்டர் அளவே நகர்த்தும். மின்கல ஆய்வுக்குப் பெயர்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் காரைக்குடியிலேயே இருக்கும்போது, கதையில் அந்தக் கருவியின் மின்கலம் இங்கே பிறந்ததாக வைத்துக்கொள்வதும் பொருத்தமே.

படி 3: வரைந்து வெட்டுங்கள்

வரைபடத் தாளில் முழு அளவில் வரையுங்கள். விண்வெளி உடையின் கையுறை தடித்தது என்பதால், விசைக்கான வளையம் இரண்டு விரல் நுழையும் அளவு அகலமாக இருக்கட்டும். 5 மில்லிமீட்டர் சன்போர்டில் (எடை குறைந்த நுரைப் பிளாஸ்டிக் பலகையில்) ஒரே வடிவத்தை ஐந்து முறை வெட்டி ஒட்டினால், கைக்கு அடங்கும் பருமன் கிடைக்கும். ஓரங்களில் அடுக்குகளின் கோடு தெரியாதபடி பட்டி பூசி, நன்றாகக் காய்ந்தபின், முதலில் சொரசொரப்பான உப்புத்தாளாலும் பிறகு நைசான உப்புத்தாளாலும் தேயுங்கள். இந்த வேலையில் அவசரப்பட்டால், கேமராவின் அண்மைக் காட்சியில் அட்டை அட்டையாகத் தெரிந்துவிடும். தெர்மாகோலைப் பயன்படுத்தாதீர்கள், ஸ்பிரே பெயிண்ட் பட்டால் அது கரைந்து குழிவிழும்.

படி 4: உறுப்புகளும் வண்ணமும்

முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பித்தளைக் குமிழோ பழைய சுவிட்சோ தேடிப் பாருங்கள். மின்னேற்றத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகாக அது அழகாகப் பொருந்தும். தேக்குக் கைப்பிடி வைக்க ஆசை எழலாம், ஆனால் தீப்பற்றும் மரத்துக்கு விண்கலத்தில் இடமில்லை.

மிதந்து போனாலும் உடனே கண்ணில் படவேண்டும் என்பதற்காக ஆரஞ்சு வண்ணமே பூசுங்கள். தெருவில் பார்ப்பவர்கள் நிஜத் துப்பாக்கி என்று அஞ்சாதிருக்கவும் அது உதவும். பொதுவிடத்தில் படமெடுப்பதானால் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, அதுவரை மாதிரியைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். கடைசியாக, கைப்பிடியின் அடியில் ஒரு வளையம் பதித்து, நடிகரின் இடுப்புவாரோடு இணைக்கும் நாடாவைக் கட்டிவிடுங்கள்.