வணிகக் கட்டடங்களில் குளிரூட்டவும் வெப்பமூட்டவும் ஆகும் ஆற்றலைக் குறைக்கும் முறை

மின்கட்டணம் கூடிவிட்டது என்றவுடன் நீரைக் குளிர்வித்துத் தரும் 'சில்லர்' என்ற பழைய இயந்திரத்தை மாற்றிவிடலாமா என்ற கேள்வி முதலில் எழுகிறது. அதைக் கடைசியில் கேட்பதே நல்லது. இருக்கும் இயந்திரங்கள் வேண்டாத நேரத்தில் ஓடுவதையும், ஒன்று செய்ததை மற்றொன்று கெடுப்பதையும் நிறுத்தாமல் புதியதை நிறுவினால், அதே வீண் வேலையை அது சற்றுக் குறைந்த மின்சாரத்தில் செய்யும், அவ்வளவுதான்.

முதலில் மின்மீட்டரின் அரைமணிப் பதிவுகளை, விடுமுறை நாட்களும் அடங்கும்படி இரண்டு வாரங்களுக்கு எடுத்து வரைபடமாக்குங்கள். ஆளில்லாத இரவிலும் கோடு பெரிதாக இறங்கவில்லை என்றால், ஒரு நாள் நள்ளிரவில் கட்டடத்தைச் சுற்றிவந்து எந்த விசிறி, எந்தப் பம்ப் ஓடுகிறது என்று நேரில் பாருங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் 'ஹேண்ட்', 'ஆஃப்', 'ஆட்டோ' என்று மூன்று நிலைகள் உள்ள திருகு சுவிட்ச் இருக்கும். எப்போதோ பழுது பார்த்தவர் 'ஹேண்ட்' பக்கம் திருப்பிவிட்டுப் போயிருப்பார். அதன்பின் கணினியில் எந்த நேர அட்டவணையைப் போட்டாலும் அந்த விசிறி நிற்காது. ஒரேயொரு சர்வர் அறைக்காக முழு அமைப்பும் இரவெல்லாம் ஓடுகிறது என்றால், அந்த அறைக்குத் தனியாக ஒரு சிறிய இயந்திரம் வைப்பதே சிக்கனம்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாததால் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் குறை: ஒரே நேரத்தில் வெப்பமூட்டலும் குளிரூட்டலும் நடப்பது. வெப்பமூட்டல் 21 டிகிரி செல்சியஸில் நின்று குளிரூட்டல் 24 டிகிரியில்தான் தொடங்கும்படி, இரண்டுக்கும் நடுவே எதுவும் ஓடாத இடைவெளி விடுங்கள். இரண்டையும் 22 என்று வைத்த கட்டடத்தில் அவை ஓயாமல் மல்லுக்கட்டும். அமைப்பைச் சரிசெய்த பிறகும் சந்தேகம் இருந்தால் வால்வைச் சோதியுங்கள். திரையில் வெந்நீர் வால்வு முழுவதும் மூடியிருப்பதாகக் காட்டும்போது, அரைமணி நேரம் கழித்து, வால்வைத் தாண்டி, காற்றைச் சூடாக்கும் குழாய்ச்சுருளான காயிலுக்குப் போகும் குழாயில் வெப்பமானியை ஒட்டிவையுங்கள். குழாய் இன்னும் சூடாகவே இருந்தால், வால்வு உள்ளே ஒழுகுகிறது. அந்தச் சூட்டை அடுத்துள்ள குளிர்நீர்க் காயில் காசு செலவழித்து நீக்கிக்கொண்டிருக்கிறது. தெர்மோஸ்டாட் எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். நகலெடுக்கும் இயந்திரத்துக்கு மேலே இருந்தால், அது அளப்பது அறையை அல்ல, அந்த இயந்திரத்தை.

விசிறிகளிலும் பம்ப்களிலும்தான் கணக்கு நம் பக்கம் மிகவும் சாய்கிறது. இவற்றுக்குத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் திறன் ஏறத்தாழ 51 சதவீதமாக இறங்கும். தண்ணீரை உயரத்துக்கு ஏற்றும் திறந்த சுற்றுகளில் இந்த அளவு கிடைக்காது. மூடிய சுற்றில் இதற்கு நெருங்கிய பலன் உண்டு. ஆனால் வேகம் மாற்றும் டிரைவைப் பொருத்தியும் அது எந்நேரமும் முழு வேகத்திலேயே ஓடும் இடங்கள் உண்டு. காற்றுக்குழாய் அழுத்தத்தின் இலக்கை யாரோ தேவைக்கு மேல் உயர்த்தி வைத்திருப்பார்கள், அல்லது டிரைவ் வருவதற்கு முன் ஓட்டத்தைக் குறைக்கப் பாதி மூடிய வால்வு இன்னும் அப்படியே இருக்கும். வால்வை முழுவதும் திறந்து, கடைசி அறைக்குக் காற்று போதுமான அளவில் சேர்கிறதா என்று பார்த்தபடியே அழுத்த இலக்கைப் படிப்படியாக இறக்குங்கள்.

நீரின் வெப்பநிலையையும் ஒரே எண்ணில் கட்டிவைக்க வேண்டியதில்லை. சில்லரிலிருந்து வெளிவரும் நீரை எப்போதும் 6 அல்லது 7 டிகிரியில் வைப்பது வழக்கம். சுமை குறைந்த நாட்களில், அறையின் ஈரப்பதம் கட்டுக்குள் இருக்கும் வரை, அதை ஓரிரு டிகிரி உயர்த்தினால் கம்ப்ரசரின் வேலை குறைகிறது. பாய்லரில் இதற்கு நேர்மாறு. கண்டென்சிங் வகைப் பாய்லர், திரும்பிவரும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் மீட்கும். கூடுதல் விலை கொடுத்து அதை வாங்கிவிட்டு, 80 டிகிரியில் அனுப்பி 60 டிகிரியில் திரும்பப் பெறுபவர்கள் சாதாரணப் பாய்லரைத்தான் ஓட்டுகிறார்கள்.

வெளிக்காற்றை ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப உள்ளே விடக் கார்பன் டை ஆக்சைடு சென்சார் உதவும். ஆயினும் விதிகள் கூறும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக் கூடாது. காற்று வரும் வழியைத் திறந்து மூடும் டேம்பரின் மோட்டார் சுழலும்போது தகடும் கூடவே திரும்புகிறதா என்று பாருங்கள். இணைக்கும் திருகு தளர்ந்திருந்தால் தண்டு மட்டுமே சுற்றும். ஃபில்டர், கண்டென்சர் காயில், குழாய்களில் படியும் உப்பு ஆகியவற்றைச் சுத்தம் செய்வது வழக்கமான பராமரிப்பு.

மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து, வெளி வெப்பநிலை ஒத்திருக்கும் நாட்களின் பதிவுகளோடு ஒப்பிடுங்கள். இவ்வளவும் முடிந்தபின் சில்லரை மாற்றுவதாக இருந்தால், பழைய இயந்திரத்தின் பலகையில் உள்ள திறனை அப்படியே ஆர்டர் செய்யாமல், உச்சக் கோடையில் உண்மைச் சுமையை அளந்துகொள்ளுங்கள். நொடிக்கு 20 லிட்டர் நீர் 5 டிகிரி வேறுபாட்டுடன் திரும்பினால், 20 × 4.19 (நீரின் வெப்ப ஏற்புத்திறன்) × 5 என்ற கணக்கில் சுமார் 419 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 119 டன். பலகையில் 200 டன் என்று எழுதியிருந்தாலும், புதியதற்கான பேச்சை இந்த 119-இலிருந்துதான் தொடங்க வேண்டும்.