ஓப்பன் ஆக்சஸ்: அந்த டிக் போடுவதற்கு முன்

முதல் கட்டுரை ஏற்கப்பட்ட சந்தோஷத்தில் ஒரு மாணவி மெயிலைக் காட்டினார். "ஓப்பன் ஆக்சஸ்னு டிக் பண்ணிட்டேன் சார், சரிதானே?" கட்டுரையை எவரும் இலவசமாகப் படிக்கும்படி திறந்துவைப்பதுதான் ஓப்பன் ஆக்சஸ். என் பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது. போலி ஜர்னல்களைப் பற்றி எல்லோரும் எச்சரித்துவிட்டார்கள், அதை விடுகிறேன். மற்ற தவறுகள் இவை.

காசு கட்டினால்தான் திறக்கும் என்று நம்புவது

நானும் இதைத்தான் செய்தேன். ஒரு சந்தா ஜர்னலிலிருந்து படிவம் வந்தது. கட்டணம் கட்டினால் எவரும் படிக்கலாம், கட்டாவிட்டால் சந்தாதாரர்கள் மட்டும். வேறு வழி எதையும் படிவம் சொல்லவில்லை. கருத்தரங்குப் பயணத்துக்கு ஒதுக்கியிருந்த ஆராய்ச்சி நிதியை எடுத்துக் கட்டினேன். சில மாதம் கழித்துத்தான் அந்த ஜர்னலின் கொள்கைப் பக்கத்தைப் படித்தேன். ஏற்கப்பட்ட பிரதியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் அன்றைக்கே இலவசமாக வைத்திருக்கலாம்! இன்றுவரை ஆறவில்லை.

ஏற்கப்பட்ட பிரதி என்பது, ரிவ்யூவர்கள் கேட்ட திருத்தமெல்லாம் முடிந்து, ஜர்னல் வடிவமைப்புக்குப் போகாத உங்கள் வேர்ட் ஃபைல். இதைக் களஞ்சியத்தில் வைப்பதுதான் பச்சை வழி. சில ஜர்னல்கள் உடனே விடும், பல 12 மாதமோ அதற்கு மேலோ காத்திருக்கச் சொல்லும். ஷெர்பா ரோமியோ என்று பழகிய, இப்போது ஓப்பன் பாலிசி ஃபைண்டர் எனப்படும் தளத்தில் ஜர்னல் பெயரைத் தட்டினால், எந்தப் பிரதியை எங்கே எப்போது வைக்கலாம் என்று பார்த்துவிடலாம். நிதி கொடுத்தவர்கள் உடனே திறக்க வேண்டும், சிசி பை உரிமம் (ஆசிரியர் பெயரைச் சொல்லி எவரும் பயன்படுத்தலாம்) வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தால் கணக்கு மாறும். அதனால் முதலில் நிதி ஒப்பந்தம், அப்புறம் ஜர்னல் படிவம்.

மாணவிக்கு இன்னும் பில் வரவில்லை. டிக்கை எடுத்துவிடச் சொல்லி ஜர்னலுக்கு எழுதியிருக்கிறார்.

கடைசி ஃபைலைத் தொலைப்பது

ஏற்கப்பட்ட பிரதி பெரும்பாலும் இணை ஆசிரியரின் கணினியில் இருக்கும், அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். ஏற்பு மெயில் வந்த அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். அது கையில் இல்லாமல் ஜர்னலின் பிடிஎஃப்பைக் களஞ்சியத்தில் ஏற்றிப் பார்த்தேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

டிஓஏஜே பட்டியலில் இல்லாததெல்லாம் போலி என்பது

இல்லை. டிஓஏஜே என்பது ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்களின் பட்டியல். 2003-இல் தொடங்கிய அது, சந்தாவும் திறப்பும் கலந்த ஜர்னல்களைச் சேர்ப்பதே இல்லை.

சமூக வலைத்தளத்தில் போட்டால் போதும் என்பது

போதாது.

என்சி உரிமம்தான் பாதுகாப்பு என்று நினைப்பது

என்சி என்றால் "வணிகப் பயன்பாடு கூடாது". கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பல ஒப்பந்தங்களில் அந்த வணிக உரிமையைப் பதிப்பகம் தனக்கென எடுத்துக்கொள்கிறது. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.