கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் ஒரே பாடம்

மாணவர்களுக்கு வினாப்பட்டியல் கொடுத்து, ‘நீ பார்த்துப் படிக்கிறவன், நீ கேட்டுப் படிக்கிறவள்’ என்று முத்திரை குத்தவே வேண்டாம். ஃபிளெமிங்கும் மில்ஸும் 1992-இல் முன்வைத்த வார்க் வகைப்பாடு (பார்த்தல், கேட்டல், வாசித்து எழுதுதல், செய்துபார்த்தல் என்ற நான்கு வகை) விருப்பத்தை மட்டும் சொல்கிறது. அதன்படி பிரித்துக் கற்பித்தால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இல் வந்த உளவியல் மீளாய்வு ஒன்று காட்டியது. ஆகவே எல்லா வழியும் எல்லாருக்கும்.

கணக்கு வகுப்பில் அணியின் தரம் நடத்த வேண்டுமா? (அணி என்பது எண்களை நிரை நிரையாக அடுக்கிய கட்டம்; மற்ற நிரைகளைப் பெருக்கியோ கூட்டியோ பெற முடியாத நிரைகள் எத்தனை என்பதே அதன் தரம்.) பத்தமடைப் பாய் ஒன்றை மேசையில் விரித்துத் தொட்டுப் பார்க்கவிடுங்கள். பிறகு நால்வருக்கு 12 காகிதக் கீற்று: நெடுக்கே 6, குறுக்கே 6. பாய் போலப் பின்ன 10 நிமிடம். குறுக்குக் கீற்று மேலே வந்தால் 1, கீழே போனால் 0. நோட்டில் 101010, 010101 என்று ஆறு நிரை விழும். அத்தனையும் இந்த இரண்டின் மறுபதிப்பே, தரம் 2. பாய் எவ்வளவு நீண்டாலும் அதேதான். காரணத்தைப் பக்கத்திலிருப்பவருக்கு வாய்விட்டுச் சொல்லட்டும், நெல்லைப் பேச்சிலேயே. தமிழ்வழியில் வந்தவர்களுக்காகப் பலகையில் ‘தரம்’, ‘ரேங்க்’ இரண்டும் இருக்கட்டும்.

சறுக்கும் இடம் இங்கேதான். வேறுபட்ட நிரைகளை எண்ணினால் தரம் வந்துவிடும் என்று நினைத்துக்கொள்வார்கள். உடனே (1, 1), (2, 2) எழுதுங்கள்: நிரை இரண்டு, ஆனால் இரண்டாவது முதலாவதின் இரு மடங்கு, ஆகவே தரம் 1.

இன்னொன்று, ஸ்லைடில் உள்ளதை அப்படியே வாசிக்காதீர்கள். கண் முந்தி ஓடும், காது பின்தங்கும், இரண்டும் மோதும். படத்தைக் காட்டி, விளக்கத்தை வாயால் சொல்லுங்கள்.