தள்ளுபடிக் கடையிலும் செக்கு வாசலிலும் நாம் செய்யும் தவறுகள்

போன ஐப்பசியில் மதுரையில் ஒரு தள்ளுபடி சூப்பர் மார்க்கெட்டில் 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்று இட்லிப் பொடி எடுத்து வந்தேன். வீட்டில் பிரித்தபோதுதான் பார்த்தேன், மூன்றுக்கும் கெடு இன்னும் இருபதே நாள். சாப்பிடுவது இரண்டு பேர். ஒன்றரைப் பாக்கெட் குப்பைக்குப் போனது. தேதி பாக்கெட்டின் பின்பக்கத்தில் இருந்தது, திருப்பிப் பார்க்காதது நான்தான்.

தள்ளுபடியை விலை என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்ச விலை. 200 ரூபாய் என்று அச்சிட்டதை 160-க்குக் கொடுத்தால் 40 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். அதே பொருள் கீழமாசி வீதி மளிகைக் கடையில் 150-க்குக் கிடைத்தால்? நாம் மிச்சம் பிடிக்கவில்லை, 10 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம். வாடிக்கையாக வாங்கும் பத்துச் சாமான்களின் விலையையாவது ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பாக்கெட்டின் அளவையும் பாருங்கள். ஒரே உயரத்தில் நிற்கும் இரண்டு எண்ணெய்ப் பாக்கெட்டுகளில் ஒன்று 910 கிராம், இன்னொன்று 850 கிராமாக இருக்கலாம். ஒரு கிராமுக்கோ மில்லிக்கோ என்ன விலை என்பதும் இப்போது பாக்கெட்டில் இருக்கிறது. எழுத்துதான் பொடிசு.

சரி, இவ்வளவு உஷாராக இருப்பவர்கள்கூட 'மரச்செக்கு', 'வீட்டுத் தயாரிப்பு' என்ற பலகையைக் கண்டதும் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம்தான். கிலோ 300, லிட்டர் 280 என்று எழுதியிருந்தால் லிட்டர் மலிவு என்று கை நீளும். கணக்குப் போடுங்கள்: கிலோ 300 என்றால் 910 கிராமுக்கு 273 ரூபாய்தான். ஆக லிட்டரில் வாங்குபவருக்கு 7 ரூபாய் நட்டம். அப்புறம் இன்னொன்று. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு இரண்டேகால், இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். அன்றைய பருப்பு விலையை வைத்துப் பெருக்கி, புண்ணாக்கு விற்ற காசையும் கழித்துப் பாருங்கள். அதற்கும் கீழே ஒருவர் எண்ணெய் விற்றால் அது முழுக்கக் கடலை எண்ணெய்தானா என்று சந்தேகப்படலாம்.

மதுரையில் அனுப்பானடி, சிந்தாமணிப் பக்கம் அப்பளம் குடிசைத் தொழில். அங்கே வாங்கினாலும் பாக்கெட்டில் என்னென்ன சேர்த்தார்கள் என்று படியுங்கள், அதிகம் சேர்ந்ததுதான் பட்டியலில் முதலில் வரும். உளுந்துக்கு முன்னால் மைதா இருந்தால் நீங்கள் கொடுப்பது மைதாவுக்கான காசு. உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது 14 இலக்கம். சிறு தயாரிப்பாளர்களின் பதிவு எண் 2-ல் தொடங்கும். வாட்ஸாப்பில் ஊறுகாய் விற்பவரிடமும் இதைக் கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

காய்கறிக்கு மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போகிறவர்கள் வாசலில் பரப்பியிருக்கும் கடைகளில் வாங்கிவிட்டு 'விவசாயியிடம் வாங்கினேன்' என்கிறார்கள். 1999 நவம்பர் 14-ல் தமிழ்நாட்டிலேயே முதலாவதாகத் திறந்த சந்தை அது. விலைப் பலகை உள்ளேதான் இருக்கிறது. வெளியே விற்பவர் வியாபாரியாக இருக்கலாம்.

வடகம் விற்கும் அக்காவிடம் மட்டும் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுவது எனக்குப் பிடிக்காது, சூப்பர் மார்க்கெட்டில் பை காசைக்கூட வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு வருகிறோமே. அவரிடம் கேட்க வேண்டியது, சித்திரை வெயிலில் போட்டதா, இடையில் மழை பார்த்ததா என்பதைத்தான். ஒன்றை எடுத்து உடைத்துப் பாருங்கள். டக்கென்று முறிந்தால் வாங்கலாம். வளைந்துகொடுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, டப்பாவில் போட்ட பத்து நாளில் பூசணம் பிடிக்கும்.