புது பிளாக் கட்டும் ஆஸ்பத்திரிகள் தவிர்க்க வேண்டிய தீ விபத்துத் தவறுகள்

கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், குமரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்குப் பெரிய நோய் என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மெடிக்கல் காலேஜ், இல்லையென்றால் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ். இப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகளில் கூட்டமும் குறையாது, கட்டுமானமும் ஓயாது. ஆபத்து பெரும்பாலும் புது பிளாக்கில் இருப்பதில்லை. பழையதும் புதியதும் சேரும் இடத்தில்தான் இருக்கிறது.

தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று புதுக் கட்டடத்துக்கு மட்டும் வேண்டிய காகிதம் என்று நினைப்பது முதல் தவறு. அங்கே தீயில் தானே தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர், அலாரம் எல்லாம் இருக்கும். பழைய வார்டுக்குப் போகும் இணைப்பு வராந்தாவில் புகையை மறிக்கும் கதவு இருக்காது. இருந்தாலும் டிராலி போக வசதியாக நாற்காலி முட்டுக்கொடுத்துத் திறந்தே கிடக்கும். கேபிளுக்கும் ஏசி குழாய்க்கும் சுவரில் போட்ட துளைகளை யாரும் அடைப்பதில்லை. ஃபால்ஸ் சீலிங் வந்தபின் அவை கண்ணுக்கே படாது. 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில், கிடங்காகப் புழங்கிய அடித்தளத்தில் தீப்பிடித்தது. மேல்மாடி வார்டுகளுக்கு ஏறிய புகையில் மூச்சுத்திணறிச் சுமார் 90 பேர் இறந்தார்கள்.

ஐசியூ நோயாளியைப் படியிறக்கிக் காப்பாற்றலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அதே தளத்தில், தீத்தடுப்புச் சுவருக்கு அப்பால், கட்டிலோடு தள்ளிப்போக இடம் வேண்டும். 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பு தளத்தைப் பகுதி பகுதியாகப் பிரிக்கச் சொல்வது இதற்குத்தான். ஆனால் கூட்டம் கூடியதும் அந்த இடத்தில்தான் முதலில் கூடுதல் கட்டில் விழும். லிஃப்டை நம்பவே கூடாது. 2024 டிசம்பரில் திண்டுக்கல் தனியார் மருத்துவமனைத் தீயில், லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களைத்தான் வெளியே எடுத்தார்கள். ஆறு பேர் பிழைக்கவில்லை.

அடுத்தது மின்சாரம். பழைய வயரிங்கில் புது ஏசிகளை ஏற்றுவது, லோடு கூடி டிரிப் ஆனால், மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரியதை மாட்டுவது. இதைவிடக் கேடு வேறில்லை: வயர் சூடாவது நிற்காது, எச்சரிக்கைதான் நின்றுபோகும். யு.பி.எஸ். பேட்டரி அறையையும் நோயாளிகள் இருக்கும் இடத்தை ஒட்டி வைக்காதீர்கள். 2025 மே 2 அன்று கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் யு.பி.எஸ். அறையிலிருந்து கிளம்பிய புகையால் அவசரப் பிரிவையே காலி செய்ய வேண்டியிருந்தது.

குமரியில் இரண்டு பருவமழையும் பெய்யும். பிளைவுட்டும் தெர்மாகோலும் நனையாமலிருக்கப் பழைய வார்டின் படிக்கட்டடிக்கு வந்துவிடும். சாய்தளத்தில் கூட்டிருக்க வந்தவர்களின் ஈரத்துணி காயும். ஜல்லிக் குவியல் தீயணைப்பு வண்டியின் வழியை மறிக்கும். வேலைக்காக மூடிய ஹைட்ரன்ட் (தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்) வால்வைத் திறக்க எவருக்கும் நினைவிருக்காது. இதற்கெல்லாம் தினமும் ஒருவர் சுற்றிவந்து கையெழுத்துப் போட்டாலே போதும்.

வழிகாட்டிப் பலகையில் படம் இருக்கட்டும், எழுத்து தமிழிலும் மலையாளத்திலும். ஒத்திகையைப் பகல் பதினொரு மணிக்கு போட்டோவுக்காக நடத்தாதீர்கள். இரவு இரண்டு மணிக்கு, அந்நேரம் டூட்டியில் இருக்கும் நர்ஸையும் வாட்ச்மேனையும் வைத்து நடத்துங்கள். ஆக்ஸிஜன் வால்வை யார் மூடுவது, யாரிடம் கேட்டு மூடுவது என்ற கேள்வி அப்போதுதான் எழும்.